எதிரணியின் அடுத்த அடியை யார் கணிக்கலாம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் குடியிருப்புப் படிப்பகத்தில் வகுப்பு முடிந்ததும், பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அமெரிக்கக் கால்பந்துக் காட்சி. தலைக்கவசம் மாட்டிய இரண்டு வரிசை ஆட்கள் எதிரெதிரே குனிந்து நிற்கிறார்கள். பந்து இன்னும் நகரவில்லை. தடுக்கும் அணியின் நடுவில் நிற்கிற ஒருவர் மட்டும் அங்குமிங்கும் நடந்து, கையைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, ஆட்டமே தொடங்கல. அதுக்குள்ள இவரு ஏன் இப்படிக் கத்துறாரு?"

"எதிரணி அடுத்து என்ன பண்ணப் போகுதுன்னு கண்டுபிடிச்சு, தன் ஆளுங்களுக்குச் சொல்றாரு."

"அது எப்படிக்கா முன்னாடியே தெரியும்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. அந்த நடு இடத்தில் நின்று எதிரணியைக் கணிக்கும் வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது? அமெரிக்கக் கருப்பின மக்களின் போராட்ட வரலாற்றில் இது ஒரு சின்ன அத்தியாயம். நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தியாயம்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நாம் ஆடுகிற கால்பந்து வேறு, இது வேறு. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு ஆட்டம் நிற்கும். அந்த இடைவெளியில் தாக்கும் அணி அடுத்த திட்டத்தை முடிவு செய்யும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதா, தூர வீசுவதா? இடப்பக்கமா, வலப்பக்கமா? இதை முடிவு செய்து நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். எதிர்ப்பக்கத்தில், தடுக்கும் அணியின் மையத்தில் நிற்பவர் மிடில் லைன்பேக்கர். குவார்ட்டர்பேக்கின் மனதில் ஓடுவதைப் பந்து நகர்வதற்குள் கண்டுபிடிக்க வேண்டியது இவர் பொறுப்பு.

இதில் ஜோசியம் எதுவும் இல்லை. ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து செய்கிற உழைப்பு இது. எதிரணி முன்பு ஆடிய ஆட்டங்களின் படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் பாக்கி, மைதானத்தில் எந்த இடம், ஆட்கள் எந்த வரிசையில் நின்றார்கள், கடைசியில் ஓடினார்களா வீசினார்களா என்று ஒவ்வொன்றையும் குறிப்பார்கள். குறிப்புகள் சேரச் சேர எதிரணியின் பழக்கம் வெளியே தெரியும். மூன்றாவது முயற்சியில் எட்டு கெஜம் பாக்கி இருந்தால் பெரும்பாலும் வீசத்தான் பார்ப்பார்கள். ஒரு கெஜம் பாக்கி என்றால் ஓடத்தான் பார்ப்பார்கள். மைதானத்தில் இறங்கிய பிறகு பார்க்க வேண்டியவை வேறு. எதிரே குனிந்து நிற்பவர் தரையில் ஊன்றிய கையில் எடையை அழுத்தி முன்னால் சாய்ந்திருந்தால் முட்டித் தள்ளப் போகிறார், ஓட்டம் வரப்போகிறது. எடை பின்னால் குதிகாலில் இருந்தால் பின்வாங்கிக் காவல் நிற்கப் போகிறார், வீச்சு வரப்போகிறது.

இந்தப் படச்சுருள் படிப்பைப் பள்ளிக்கூட ஒழுங்கோடு நடத்தியவர்களில் முதன்மையானவர் பால் பிரவுன். 1946-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியைத் தொடங்கிய பயிற்சியாளர். வீரர்களை வகுப்பறையில் உட்கார வைத்தார். நோட்டுப் புத்தகம் கொடுத்தார், எழுத்துத் தேர்வு வைத்தார், ஒவ்வொருவர் ஆட்டத்தையும் படச்சுருளில் பார்த்து மதிப்பெண் போட்டார்.

அதே 1946-ல் அவர் இன்னொன்றும் செய்தார். பில் வில்லிஸ், மரியன் மோட்லி என்ற இரண்டு கருப்பின வீரர்களை அணியில் சேர்த்தார். இதன் கனம் புரிய ஒரு தகவல் போதும். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீகில் ஒரு கருப்பினத்தவர்கூட ஆடவில்லை. எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் தங்களுக்குள் நடத்திய ஏற்பாடு அது. எழுதப்படாத விதிகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரவுன்ஸ் ஆடியது போட்டி லீகில். 1946-ல் என்.எஃப்.எல். பக்கமும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டன், உட்டி ஸ்ட்ரோட் இருவரையும் சேர்த்தது. ஆனாலும் அந்த டிசம்பரில் மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு வில்லிஸும் மோட்லியும் போக முடியவில்லை. கருப்பரும் வெள்ளையரும் ஒரே மைதானத்தில் ஆடுவதை ஃபுளோரிடா அனுமதிக்கவில்லை.

வில்லிஸைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவர் சோதனை ஆட்டத்துக்கு வந்தபோது, பந்தைப் பின்னால் தள்ளும் வெள்ளையின சென்டர் ஆட்டக்காரர் தடுமாறிப் போனார். பந்து நகர்ந்த நொடியே வில்லிஸ் அவர்மேல் வந்து நின்றார். 'இவர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டுகிறார்' என்று அந்த ஆட்டக்காரர் முறையிட்டார். பால் பிரவுனே கோட்டுக்கு அருகில் வந்து பார்த்தார். தாண்டவில்லை. வில்லிஸ் செய்தது இதுதான்: பந்தைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் இறுகியதும் கிளம்பினார். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் விரலைப் படித்தார். உலகம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பூனை'. பூனைபோல் பாய்கிறார் என்று பாராட்டினார்கள். கவனித்தார், யோசித்தார், கணித்தார் என்று சொல்ல வாய் வரவில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 'இயல்பான திறமை', 'பிறவியிலேயே வேகம்', 'உடம்பிலேயே இருக்கு' என்று சொல்லும்போது அது பாராட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பாராட்டு அவர் செய்த உழைப்பையும் அவருடைய அறிவையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது. உடம்புக்குப் பாராட்டு கொடுத்துவிட்டு மூளைக்கு மறுப்பது அதிகாரத்தின் பழைய தந்திரம்.

கதவு திறந்த பிறகும் உள்ளே இன்னொரு சுவர் இருந்தது. கருப்பின வீரர்கள் அணிக்குள் வந்தார்கள். ஆனால் எந்த இடத்துக்கு? ஓடுகிறவர், பந்தைத் துரத்திப் பிடிக்கிறவர், ஓரத்தில் நின்று துரத்துகிறவர். மையத்தில் நின்று முடிவெடுக்கும் இடங்களில், அதாவது குவார்ட்டர்பேக், சென்டர், மிடில் லைன்பேக்கர் ஆகிய இடங்களில், அநேகமாக வெள்ளையரே இருந்தார்கள். 1970-ல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எண்ணிக்கையோடு எழுதினார்கள். மற்றவரோடு பேசி, ஒருங்கிணைத்து, முடிவெடுக்க வேண்டிய மைய இடங்களில் கருப்பினத்தவர் மிகக் குறைவு. ஓர இடங்களில் அவர்கள் குவிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். சமூகவியலில் இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். ஒரே இடத்தில் அடுக்கி வைப்பது.

எம்.ஏ. படிக்கும்போது இதை வாசித்துவிட்டு, விளையாட்டைப் பற்றிய செய்தி என்று மறந்துவிட்டேன். வேலைக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் முதலில் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் ஒன்றில் எங்களுக்கு எப்போதும் களப்பணிதான். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவோம். அந்தப் படிவங்களை வைத்து அட்டவணை போட்டு, அறிக்கை எழுதி, அடுத்த திட்டத்தை வகுப்பது வேறு ஆட்கள். அவர்களில் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களும் உண்டு. ஒருநாள் கேட்டேன். "நீங்க மக்களோட இயல்பாப் பழகுவீங்க. ஃபீல்டுக்கு உங்களைவிட்டா ஆள் இல்லை" என்றார்கள். பாராட்டுதான். வில்லிஸுக்குக் கிடைத்த அதே பாராட்டு.

அமெரிக்காவில் இந்த அடுக்கல் தொழில்முறை ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். பாபி பெல் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். 1968-ல் மார்லின் பிரிஸ்கோ டென்வர் பிராங்கோஸ் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். தொழில்முறை ஆட்டத்தின் நவீன காலத்தில் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கருப்பினத்தவர் அவர். அந்த ஆண்டு 14 டச்டவுன் வீச்சுகள். மறு ஆண்டு அவருக்கு அங்கே இடமில்லை. பஃபலோ அணிக்குப் போய், பந்து பிடிக்கிறவராக மாறித்தான் பிழைத்தார். திறமையை நிரூபித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு பிரிஸ்கோவின் கதையைச் சொல்லுங்கள்.

இனி அந்த நடு இடத்துக்கு வருவோம். 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 35-10 என்று தோற்றது. தடுப்பு வரிசையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் இரண்டு லைன்பேக்கர்களை எடுத்தார்கள். ஒருவர் புகழ்பெற்ற நோட்ரடேம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெள்ளையர் ஜிம் லிஞ்ச். மற்றவர் கருப்பினத்தவருக்கான மார்கன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து வந்த வில்லி லேனியர். இருவருக்கும் குறி நடு இடம்தான். அந்தக் காலத்து வழக்கப்படி யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பயிற்சியில் ஜெயித்தது லேனியர். பயிற்சியாளர் ஹாங்க் ஸ்ட்ராம் அவரையே நடுவில் நிறுத்தினார். லிஞ்ச் பக்கவாட்டு இடத்துக்கு நகர்ந்தார். இருவரும் ஒரே அறையில் தங்கி, நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். தொழில்முறைக் கால்பந்தில் மிடில் லைன்பேக்கராகப் பெரும்புகழ் பெற்ற முதல் கருப்பினத்தவர் லேனியர்தான்.

இது ஒரு பயிற்சியாளரின் பெருந்தன்மையால் மட்டும் நடந்ததா? இல்லை. இரண்டு காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, போட்டி. சீஃப்ஸ் ஆடிய ஏ.எஃப்.எல். புதிய லீக். பழைய லீகோடு மோத அதற்குத் திறமையான ஆட்கள் வேண்டும். பழைய லீக் சரியாக எட்டிப் பார்க்காத கருப்பினக் கல்லூரிகளில் அவர்கள் இருந்தார்கள். அங்கே போய்த் தேட சீஃப்ஸ் அணி லாயிட் வெல்ஸ் என்ற கருப்பினப் பத்திரிகையாளரை நியமித்தது. தொழில்முறைக் கால்பந்தில் முழுநேரத் தேர்வாளராக இருந்த முதல் கருப்பினத்தவர் அவர். நம் ஆளைக் கண்டுபிடிக்க நம் ஆள் ஒருவர் தேர்வு செய்யும் மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

இரண்டு, போராட்டம். 1965 ஜனவரியில் ஏ.எஃப்.எல். நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடப்பதாக இருந்தது. வந்து இறங்கிய கருப்பின வீரர்களை டாக்சிகள் ஏற்றவில்லை, கேளிக்கை விடுதிகள் உள்ளே விடவில்லை. 21 கருப்பின வீரர்கள் கூடிப் பேசினார்கள். ஆட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். லீக் வேறு வழியில்லாமல் ஆட்டத்தை ஹூஸ்டன் நகருக்கு மாற்றியது. குடியுரிமைச் சட்டம் வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். சட்டம் தாளில் இருந்தது; அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

அந்த 1965 ஆட்டம் நடக்க வேண்டிய மைதானம் டுலேன் ஸ்டேடியம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970 ஜனவரி 11 அன்று, அதே டுலேன் ஸ்டேடியத்தில்தான் நான்காவது சூப்பர் பவுல் நடந்தது. சீஃப்ஸ் அணிக்கு எதிரே மின்னசோட்டா வைக்கிங்ஸ். ஜெயிக்கப்போவது வைக்கிங்ஸ்தான் என்று பரவலாக எதிர்பார்த்தார்கள்.

வைக்கிங்ஸின் தாக்குதல் எப்படி வரும்? பெரும்பாலும் நடுவில் முட்டி மோதி ஓடுவது அவர்கள் வழக்கம். அதற்கு அச்சாணி அவர்களுடைய சென்டர் மிக் டிங்கல்ஹாஃப். உடலில் பெரியவர் அல்ல, ஆனால் வேகமானவர். அவர்கள் லீகில் பெரும்பாலான அணிகள் அவருக்கு நேர் எதிரே ஆள் நிறுத்தாது. அதனால் அவர் பந்தைத் தள்ளிய கையோடு பாய்ந்து, மிடில் லைன்பேக்கரை மறித்துவிடுவார். கணிக்க வேண்டியவரையே மறித்துவிட்டால் ஓட்டத்துக்கு வழி கிடைக்கும். ஸ்ட்ராம் இதைக் கவனித்தார். பக் புக்கானன், கர்லி கல்ப் என்ற இரண்டு பெரிய உடம்புக்காரர்களில் ஒருவரை டிங்கல்ஹாஃபின் தலைக்கு நேரே நிறுத்தினார். புக்கானன் கிராம்பிளிங் என்ற கருப்பினக் கல்லூரியிலிருந்து வந்தவர். டிங்கல்ஹாஃப் அவர்களைத் தாண்டி வர முடியவில்லை. பின்னால் நின்ற லேனியருக்குப் பார்க்கவும் யோசிக்கவும் இடம் கிடைத்தது. அவருக்குப் பக்கத்து இடங்களில் லிஞ்சும் பாபி பெல்லும். ஆம், குவார்ட்டர்பேக் இடத்திலிருந்து மாற்றப்பட்ட அதே பாபி பெல்.

ஆட்டம் முழுவதிலும் வைக்கிங்ஸ் ஓடி எடுத்தது 67 கெஜம்தான். ஓட முடியாதபோது வீசினார்கள். மூன்று வீச்சுகளை சீஃப்ஸ் இடைமறித்தது. அதில் ஒன்று லேனியர் கையில் விழுந்தது. முடிவு 23-7.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'எல்லோரையும் சேர்த்தால் ஜெயிக்கலாம், அதனால் சேருங்கள்' என்ற வாதம் நம் கூட்டங்களிலும் அடிக்கடி வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அன்று சீஃப்ஸ் தோற்றிருந்தால்? லேனியருக்கு அந்த இடத்தில் நிற்க உரிமை இல்லாமல் போயிருக்குமா? வெள்ளையின வீரர் ஒருவர் கணிப்பில் தவறினால் தவறியது அவர் மட்டும்தான். கருப்பின வீரர் தவறினால் 'இவர்களுக்கு இது வராது' என்று ஓர் இனமே தவறியதாகிவிடும். தவறு செய்யும் உரிமையும் சமத்துவத்தின் ஒரு பகுதி. வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லிப் பழகினால் இதை மறந்துவிடுவோம்.

அதற்குப் பிறகும் பாதை நீளமாகத்தான் இருந்தது. ஒரு கருப்பின குவார்ட்டர்பேக் சூப்பர் பவுலை வெல்ல 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ் ஒரே கால்பகுதியில் நான்கு டச்டவுன் வீசி, டென்வரை 42-10 என்று தோற்கடித்தார். முழுத் திட்டத்தையும் வகுக்கும் தலைமைப் பயிற்சியாளர் பதவியில் 1920-களில் ஃபிரிட்ஸ் போலார்ட் இருந்திருக்கிறார். அவருக்குப் பிறகு அடுத்த கருப்பினத்தவர், 1989-ல் வந்த ஆர்ட் ஷெல்.

மூளையைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் இப்போதாவது போய்விட்டதா? தலையில் பட்ட அடிகளால் நினைவாற்றல் இழந்த முன்னாள் வீரர்களுக்கு என்.எஃப்.எல். இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பாதிப்பை அளக்கும் தேர்வில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. கருப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பிடும் முறை அது. அதனால் அதே மதிப்பெண் எடுத்த வெள்ளையருக்கு இழப்பீடு, கருப்பினத்தவருக்கு இல்லை என்ற நிலை. 2020-ல் இரண்டு முன்னாள் கருப்பின வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-ல் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. 1967-ல் அல்ல, 2021-ல்.

நம் நாட்டுக்கு வந்தால் பல்வங்கர் பாலூவை நினைக்காமல் இருக்க முடியாது. புனேயில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்து, அவர்கள் பழகுவதற்குப் பந்து வீசி வீசித் தேர்ந்த தலித் வீரர். 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வீச்சு வேண்டும். ஆனால் கேப்டன் பதவி கடைசிவரை தரப்படவில்லை. பந்து வீச உடம்பு போதும், எதிரணியைக் கணித்து ஆட்களை நிறுத்த 'மூளை' வேண்டும், அது உயர்சாதியிடம்தான் இருக்கும் என்ற எண்ணம். அவர் தம்பி விட்டல் 1923-ல் அந்த அணியின் கேப்டன் ஆனார். அதுவும் சகோதரர்கள் எதிர்த்து நின்ற பிறகுதான் நடந்தது.

இதையெல்லாம் நான் அந்தத் தம்பியிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று சனிக்கிழமைகள் ஆயின. மூன்றாவது வாரம் அவன் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். எங்கள் பையன்கள் அடுத்து மோதவிருந்த கால்பந்து அணியின் இரண்டு ஆட்டங்களைப் போய்ப் பார்த்திருக்கிறான். நம் கால்பந்துதான். யார் எந்தக் காலால் அடிக்கிறார், கார்னர் எந்தப் பக்கம் வருகிறது, களைத்த பிறகு பந்தை யாரிடம் தள்ளுகிறார்கள் என்று கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தான். இவன் அணியில் பதினோரு பேரில்கூட இல்லை. "அக்கா, இதைக் கோச்சுகிட்டக் காட்டுனா திட்டுவாரா?" என்றான். "காட்டுடா, திட்டினா நான் வர்றேன்" என்றேன்.

கோச் வாங்கிப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். ஆட்டத்தில் எங்கள் பையன்கள் 2-1 என்று தோற்றார்கள். இரண்டு கார்னர்கள் அவன் சொன்ன பக்கமே வந்தன. மூன்றாவது வேறு பக்கம் வந்து கோலாகிவிட்டது. அதையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறான். அடுத்த ஆட்டம் பொங்கலுக்குப் பிறகு.

ஜெய்பீம்.